கடல் மின்னுது, முகம் எங்கே?

திருகோணமலையின் நிலாவெளிக் கரையில் விடியக்காலை கரைவலை இழுக்கிற ஆக்களைப் படம் எடுக்காமல் திரும்பிப் போகிற சுற்றுலாக்காரர் குறைவு. அந்தப் படங்களில் கடல் வெள்ளியாய் மின்னும். வானம் வடிவாய் இருக்கும். கயிறு, தோணி, அலை எல்லாம் தெளிவு.

வலை இழுக்கிறவரின் முகம் மட்டும் இருண்டு கிடக்கும். கண் எது, வாய் எது என்று தெரியாது.

படத்தைப் பார்க்கிறவர்கள் உடனே சொல்கிற விளக்கம் ஒன்று உண்டு. "வெயிலில் நிற்கிற ஆக்கள்தானே, கறுப்பாத்தான் விழும்."

இந்தப் பேச்சைக் கேட்டால் கோபம் வரத்தான் வேண்டும். தோலில் ஒரு குறையும் இல்லை. வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்று கமரா ஒரு முடிவெடுத்தது, எடுத்தவர் அதைத் திருத்தவில்லை. இரண்டு மூன்று நொடியில் செய்திருக்கக்கூடிய திருத்தம் அது.

கமராவில் பொத்தான்களும் மெனுவும் எக்கச்சக்கம். எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டுத்தான் கடற்கரைக்கு வர வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. "மனுவல் மோடில் எடுக்காதவன் புகைப்படக்காரனே இல்லை" என்று சிலர் சொல்லுவார்கள். அதையும் நம்ப வேண்டாம். கமராவிடமிருந்து இரண்டே இரண்டு முடிவுகளைப் பறித்து வைத்துக்கொண்டால் போதும்: எது தெளிவாக விழ வேண்டும், அது எவ்வளவு வெளிச்சமாக விழ வேண்டும். மற்றதைக் கமராவே பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் வெளிச்சம்.

கமராவுக்குள் இருக்கிற ஒளிமானிக்கு முகம், மணல் என்ற வித்தியாசம் கிடையாது. (புது மாடல்கள் சில முகத்தை அடையாளம் காணும். ஆனால் கண்ணை வைத்துப் பார்த்து எடுக்கிற ஆரம்பநிலை எஸ்.எல்.ஆர்.களில் அதை நம்பி இருக்க முடியாது.) சட்டகத்துக்குள் வருகிற வெளிச்சத்தை அளந்து, மொத்தத்தையும் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை மணலைக் காட்டினால் "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று இருட்டாக்கும். கறுத்த பாறையைக் காட்டினால் "வெளிச்சம் காணாது" என்று வெளுப்பாக்கும். 1983இல் நிக்கோன் எஃப்.ஏ. கமரா வந்ததிலிருந்து சட்டகத்தைப் பல துண்டுகளாகப் பிரித்து அளக்கிற முறை பரவியது. நிக்கோன்காரர் மேட்ரிக்ஸ் என்பதும் கெனன்காரர் இவாலுவேட்டிவ் என்பதும் அந்த வழியில் வந்தவைதான். பழைய முறையைவிட எவ்வளவோ கெட்டித்தனம். ஆனாலும் சட்டகத்தில் முக்கால்வாசி மின்னுகிற கடலாக இருந்தால் அதுவும் கடலின் பக்கம்தான் சாயும்.

திருகோணமலையில் இந்தச் சிக்கல் ஏன் இவ்வளவு கடுமை? காரணம் திசை. இது கிழக்குக் கரை. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ தரையில் நின்று கடலைப் பார்த்தால், காலையில் சூரியன் நேர் எதிரே நிற்கும். முகம் நிழல் பக்கம். பின்னேரம் அதே இடத்தில் நின்றால் சூரியன் எடுக்கிறவரின் முதுகுக்குப் பின்னால். அப்போது கடல் நீலமாக விழும், முகமும் விழும். நீர்கொழும்பிலோ மன்னாரின் மேற்குக் கரையிலோ இது அப்படியே தலைகீழ்.

ஆகவே ஒரு பொத்தானையும் தொடாமல் செய்யக்கூடிய முதல் திருத்தம், நிற்கிற இடத்தை மாற்றுவது. காலையில் கால் நனைந்தாலும் பரவாயில்லை என்று அலையோரம் இறங்கி, தரைப் பக்கம் திரும்பி நில்லுங்கள். பின்னணியில் பனையும் தென்னையும் வரும், முகத்தில் வெயில் விழும். அந்த நேரத்து வெயில் தாழ்ந்து வருவதால் கண்குழிக்குள்ளும் வெளிச்சம் போகும்.

இல்லை, கடல்தான் பின்னணியாக வேண்டும் என்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். கூட்டல் கழித்தல் குறி போட்ட சின்னப் பொத்தான் அது. நிக்கோன் டி3500இல் ஷட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். கெனன் 1500டியில் பின்பக்கம், ஏ.வி. என்று எழுதியிருக்கும். அதை அழுத்திக்கொண்டு சில்லைச் சுற்ற வேண்டும். +1 என்றால் கமரா நினைத்ததைப் போல இரு மடங்கு வெளிச்சம், +2 என்றால் நான்கு மடங்கு. மின்னுகிற கடலுக்கு முன்னால் நிழலில் இருக்கிற முகத்துக்கு +1இல் தொடங்கிப் பாருங்கள். காணாவிட்டால் +1.7, +2. (பாதி ஓட்டோ மோடில் நின்றால்தான் இது வேலை செய்யும். கெனனில் ஏ.வி., நிக்கோனில் ஏ. பச்சைப் பெட்டி போட்ட முழு ஓட்டோவில் கமரா யாருடைய பேச்சையும் கேட்காது.)

கடல் வெளுத்துப் போகுமே என்ற கவலை வரும். போகும். அங்கேதான் எடுக்கிறவர் ஒரு பக்கம் நிற்க வேண்டியிருக்கிறது. கடலும் முகமும் இரண்டும் சரியாக விழாத அளவுக்கு வெளிச்ச வித்தியாசம் இருந்தால், முகத்தின் பக்கம் நில்லுங்கள். நாளைக்கும் அதே கடல் அங்கே இருக்கும்.

ஆளிடம் முதலில் கேட்டுவிட்டு எடுத்தால் கிட்டப் போகவும் முடியும். கிட்டப் போனால் சட்டகத்தில் முகம் பெருக்கும், கடல் குறையும், ஒளிமானியின் கணக்கும் தானாகத் திருந்தும்.

தோல் நிறம் பற்றிய அந்தப் பேச்சுக்கு ஒரு பழைய வரலாறும் இருக்கிறது. கலர் படங்களை அச்சிடுகிற ஆய்வுக்கூடங்களுக்குக் கொடாக் நிறுவனம் நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படம் இருந்தது. ஷெர்லி அட்டை என்று பெயர். அந்தத் தோல் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. மொன்றியல் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தின் லோர்னா ரோத் 2009இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். கறுத்த தோலின் நுணுக்கம் பிலிமில் சரியாக விழவில்லை என்ற குறை நெடுநாள் கவனிக்கப்படவே இல்லை. சொக்கலேற் விற்கிறவர்களும் மரத் தளபாடம் விற்கிறவர்களும் தங்கள் பொருளின் கபில நிறங்கள் பிரித்துத் தெரியவில்லை என்று முறையிட்ட பிறகுதான் கபில நிறங்களில் வேலை நடந்தது என்று அவர் பதிவு செய்திருக்கிறார். மனிதர்களுக்காக நடக்காத திருத்தம் அலுமாரிக்காக நடந்திருக்கிறது. இன்றைய சென்சர்கள் அந்தப் பிலிமைவிட எவ்வளவோ மேல். ஆகவே இன்றைக்கும் முகம் இருண்டு விழுந்தால், கருவியைச் சாட்டித் தப்பிக்க வழி குறைவு.

கறுத்த தோலை எப்படி வடிவாக எடுக்கலாம் என்பதுக்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. கொழும்பு லயனல் வென்ட் அரங்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அந்த லயனல் வென்ட் (1900–1944) இந்நாட்டு ஆக்களின் உடலையும் முகத்தையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். கறுப்புக்குள் எத்தனை விதமான கறுப்பு இருக்கிறது என்பது அந்தப் படங்களில் தெரியும். தோலின் மினுக்கம், கழுத்தெலும்பின் நிழல், ஒன்றும் தப்பவில்லை. வென்டின் படங்கள் இணையத்தில் கிடைக்கும். கட்டாயம் பாருங்கள்.

அடுத்தது போகஸ்.

கண் வைத்துப் பார்க்கிற எஸ்.எல்.ஆரில் ஓட்டோபோகஸ் வேலை செய்கிற விதம் அழகானது. லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சத்தில் ஒரு பங்கு, பெரிய கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கண்ணாடியில் பட்டு, கமராவின் அடியில் இருக்கிற சென்சருக்குப் போகும். அங்கே ஒரே காட்சி இரண்டு உருவமாகப் பிரியும். இரண்டும் எவ்வளவு விலகி நிற்கின்றன, எந்தப் பக்கம் விலகி நிற்கின்றன என்பதைப் பார்த்து லென்ஸை எந்தத் திசையில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கமரா கணக்கிடும். அதனால்தான் அது இவ்வளவு வேகம்.

ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு விளிம்பு வேண்டும். கோடு வேண்டும். மேகமில்லாத வானத்தையோ வெளுத்த மணலையோ காட்டினால் லென்ஸ் முன்னும் பின்னும் போய்த் தேடிக்கொண்டே இருக்கும். கெனன் 1500டியில் 9 போகஸ் புள்ளிகள், நிக்கோன் டி3500இல் 11. இரண்டிலும் நடுப்புள்ளிதான் குறுக்குவகை, அதாவது படுத்த கோட்டையும் நிமிர்ந்த கோட்டையும் சேர்த்துப் பிடிக்கும். மங்கல் வெளிச்சத்தில் நடுப்புள்ளியை நம்புங்கள் என்று அனுபவக்காரர் சொல்வதுக்குக் காரணம் இது.

எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டு "நீயே பார்த்துக்கொள்" என்று விட்டால் என்ன நடக்கும்? பெரும்பாலும் கிட்ட இருக்கிற பொருளைத்தான் கமரா பிடிக்கும். கரைவலையில் கிட்ட இருப்பது கயிறு. கயிற்றின் நார் நாராகத் தெரியும், பின்னால் இருக்கிற மனிதர் மங்கல்.

ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள். அந்தப் புள்ளியைக் கண்ணில் வையுங்கள். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை (கமராவோடு வருகிற கிட் லென்ஸுக்கு அடுத்ததாகப் பலர் வாங்குவது அதைத்தான்) முழுதாகத் திறந்து 2 மீற்றர் தூரத்து ஆளை எடுத்தால், தெளிவாக விழுகிற ஆழம் சின்னச் சென்சர் கமராக்களில் ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர்தான். மூக்கில் பிடித்துவிட்டு ஆள் சற்று அசைந்தால் கண் தப்பிவிடும். எஃப் 5.6க்கு வந்தால் அது ஏறக்குறைய 34 சென்ரிமீற்றர் ஆகும். ஆரம்பத்தில் அந்த இடைவெளி பெரிய உதவி.

ஆள் அசையாமல் நின்றால் கெனனில் வன் ஷொட், நிக்கோனில் ஏ.எஃப்.-எஸ். ஆள் நடந்தால், மான் துள்ளினால், வள்ளம் ஆடினால் கெனனில் ஏ.ஐ. சேர்வோ, நிக்கோனில் ஏ.எஃப்.-சி. முந்தியது பிடித்த இடத்தில் பூட்டிவிடும். பிந்தியது விடாமல் பின்தொடரும். இதைத் தவிர மூன்றாவதாக, தானே தெரிவு செய்கிற முறையும் உண்டு. கமரா எப்போது பூட்டும், எப்போது தொடரும் என்பது அதில் நமக்குத் தெரியாது. அதைத் தொடாமலே இருக்கலாம்.

இன்னொரு வசதி. போகஸ் வேலையை ஷட்டர் பொத்தானிலிருந்து எடுத்துப் பின்பக்கப் பொத்தானுக்குக் கொடுக்கலாம். பின்தொடர்கிற முறையில் வைத்துவிட்டுப் பெருவிரலால் அழுத்திக்கொண்டிருந்தால் தொடரும், விட்டால் பூட்டும். இரண்டு முறையும் ஒரே விரலில். முதல் நாட்களில் விரல் தடுமாறும், பிறகு வேறு விதமாக எடுக்கவே மனம் வராது.

இந்த இடத்தில் ஜூலியா மார்கரெட் கமரனை நினைக்காமல் இருக்க முடியாது. இங்கிலாந்தில் பெயர் வாங்கிய அந்தப் புகைப்படக்காரி 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே காலமானவர். படங்கள் மங்கல் என்று அன்றைய விமர்சகர்கள் குறை சொன்னார்கள். போகஸ் பண்ணிக்கொண்டு போகும்போது கண்ணுக்கு அழகாகத் தெரிகிற இடத்தில் நிறுத்திவிடுவேன், அதுக்கு மேல் கூர்மையாக்க மாட்டேன் என்பது அவரது நிலை. அதுவும் ஒரு முடிவுதான், அவரே எடுத்த முடிவு. புள்ளியைத் தானே தெரிவு செய்கிறவருக்கு அந்தச் சுதந்திரம் இன்றைக்கும் உண்டு.

இனி ஊரைச் சுற்றுவோம்.

பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள். பெரிய மரங்களின் கீழ் வெயில் துண்டு துண்டாக விழும். மானின் முதுகில் ஒரு வெயில் துண்டு விழுந்திருந்தால் அந்த இடம் வெளுத்துப் போகும். –0.7 வைத்து, முழு நிழலில் நிற்கிற மானைத் தேடுங்கள். (கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, துறைமுகப் பக்கம் கடற்படைத்தளம் இருக்கிறது. காவலரண், கப்பல், வாசல் எதையும் எடுக்க வேண்டாம்.)

கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையில் சூரிய உதயம். சூரியனுக்கு நேரே போகஸ் புள்ளியை வைக்காதீர்கள். பெரிய லென்ஸ் போட்டு அதன் வழியாகக் கண்ணால் சூரியனைப் பார்ப்பதும் கூடவே கூடாது, கண் பழுதாகிவிடும். அடிவானக் கோட்டில் அல்லது தூரத்து வள்ளத்தில் போகஸ் பிடித்துப் பூட்டுங்கள். 18 மி.மீ.இல் கிட்டப் பாறையும் தூரக் கடலும் சேர்ந்து வேண்டுமென்றால் எஃப் 8 வைத்து ஏறக்குறைய இரண்டரை மீற்றர் தூரத்தில் போகஸ் பண்ணினால் போதும். ஒன்றேகால் மீற்றரிலிருந்து அடிவானம் வரை தெளிவு.

அந்த மலையடிக் கடலுக்கும் கமராவுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. போர்த்துக்கேயர் இடித்த பழைய கோணேசர் கோயிலின் கற்களை 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் புகைப்படக்காரர் மைக் வில்சனும் அங்கேதான் மூழ்கிக் கண்டார்கள். அடுத்த வருடம் கிளார்க்கின் 'த ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' நூல் வந்தது. அப்போது ஓட்டோபோகஸ் கிடையாது. ஓட்டோபோகஸோடு சந்தைக்கு வந்த முதல் கமராவான கொனிக்கா சி35 ஏ.எஃப். 1977இல்தான் வெளிவந்தது. எஸ்.எல்.ஆரில் அதைப் பரவலாக்கிய மினோல்ட்டா 7000 இன்னும் பிந்தி, 1985இல். தண்ணீருக்குள் பொருட்கள் உண்மைத் தூரத்தின் முக்கால்வாசித் தூரத்தில் இருப்பதாகத் தெரியும், சிவப்பு நிறம் சில மீற்றரிலேயே மறையத் தொடங்கும். அங்கே படம் எடுத்தவர்கள் தூரத்தையும் வெளிச்சத்தையும் தாங்களே முடிவு செய்தார்கள்.

நண்பகல்? ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஓகஸ்ட் இறுதியிலும் திருகோணமலையில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். கண்குழி இரண்டும் நிழல். ஆளை மரநிழலுக்கு அழையுங்கள். முடியாவிட்டால் கமராவோடு இருக்கிற சின்ன பிளாஷைப் பகலிலேயே போடுங்கள். ஆரம்பநிலை கமராக்களில் பிளாஷோடு ஷட்டர் பெரும்பாலும் 1/200க்கு மேல் போகாது, அதனால் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11 அளவில் வையுங்கள். நல்ல வெயிலுக்கு எஃப் 16, ஷட்டர் ஐ.எஸ்.ஓ. எண்ணின் கீழ் ஒன்று என்ற பிலிம் காலத்து வாய்பாட்டோடு இதுவும் பொருந்தி வரும்.

திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு. திருகோணமலைக்குக் கிட்டவே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு இருக்கிறது. நீலத்திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்ட வருவதை அதோடு சேர்த்துத்தான் ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். வள்ளமும் ஆடும், திமிங்கிலமும் நகரும். ஷட்டர் 1/1000க்குக் குறையாமல், ஐ.எஸ்.ஓ. ஓட்டோவில், பின்தொடர்கிற போகஸ், நடுப்புள்ளி. வெள்ளையாக எழுகிற மூச்சுத்தாரை வெளுத்துப் போகாமல் –0.3 அல்லது –0.7. இது அழகுக்காக மட்டும் சொல்கிறதில்லை. நீலத்திமிங்கிலத்தை ஆய்வாளர்கள் தனித்தனியாக அடையாளம் காண்பது அதன் தோலில் இருக்கிற திட்டுகளை வைத்து. எண்ணெய்த்திமிங்கிலத்தை வால் விளிம்பின் வெட்டுகளை வைத்து. வால் விளிம்பு இருட்டுருவமாக விழுந்தாலும் உதவும். தோல் திட்டுக்கு அப்படி இல்லை, வெளிச்சம் சரியாக இருந்தே ஆக வேண்டும்.

இரவுத் திருவிழாவுக்கு மட்டும் மனுவல். சாமி வீதிக்கு வரும்போது ஒரு சட்டகத்தில் பத்து விளக்கு இருக்கும், அடுத்ததில் முழு இருட்டு. ஒளிமானி ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு விடை சொல்லும். ஆனால் சாமியின் மேல் விழுகிற விளக்கு வெளிச்சம் வீதி முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு முறை சரியாக அளந்து, 1/125, எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 1600 என்பது போல ஓர் அளவில் நிறுத்திவிட்டால் படத்துக்குப் படம் மாறாது. கிட் லென்ஸ் அவ்வளவு திறக்காது, அதுக்கு ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுங்கள். போகஸை விளக்குச் சுடரில் வைக்காமல் மாலையின் விளிம்பிலோ வாகனத்தின் விளிம்பிலோ வையுங்கள்.

ஒளியை ஒரே ஒரு இடத்தில் மட்டும் அளக்கிற ஸ்பொட் முறை இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வித்தியாசம் கவனியுங்கள். நிக்கோனில் ஸ்பொட் நீங்கள் தெரிவு செய்த போகஸ் புள்ளியோடு சேர்ந்து நகரும். கெனனின் பெரும்பாலான கமராக்களில் அது நடுவில்தான் நிற்கும். புள்ளியை ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, "முகத்தில்தானே ஸ்பொட் வைத்தேன்" என்று குழம்புகிற கெனன்காரருக்கு விடை இதுதான்.

பெரிய கமராக் கொம்பனிகள் கண்ணாடியில்லாத வகைக்கு மாறிவிட்டதால் பழைய எஸ்.எல்.ஆர்.கள் இப்போது பாவித்த விலையில் கிடைக்கின்றன. பழக விரும்புகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு அது நல்ல காலம். வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒன்றைச் சோதியுங்கள்: நடுப்புள்ளியை ஒரு பெயர்ப் பலகையின் எழுத்தில் வைத்து, லென்ஸை முழுதாகத் திறந்து சில படம் எடுங்கள், திரையில் பெருப்பித்துப் பாருங்கள். எழுத்து ஒவ்வொரு முறையும் தெளிவாக இருக்க வேண்டும். கடற்கரையிலிருந்து வந்ததும் ஈரம் பிழிந்த துணியால் கமராவின் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள், உப்புக் காற்று பொத்தான்களின் இடுக்கில் ஏறிவிடும். மூட்டை கட்டுவதுக்கு முன்னால் காம்பன்சேஷனைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். காலையில் கடலுக்கு வைத்த +1.7 அப்படியே கிடந்தால், பின்னேரம் கோட்டை மான்கள் எல்லாம் வெளுத்துப் போய்விடும்.